அக்காவைத் தேடிப் போன வெள்ளிக்கிழமை

நம் சபை ஆஸ்பெஸ்டாஸ் கொட்டகையாய் இருந்த நாளில், என்னோடு கோணிச் சாக்கில் உட்கார்ந்து கைதட்டிப் பாடினவர்களுக்காக இதை எழுதுகிறேன். இப்போது நமக்கெல்லாம் முட்டி வலி. நாற்காலி இல்லாமல் ஜெபிக்க முடிவதில்லை. பாதிப் பேருக்குக் கண் ஆபரேஷன் ஆகிவிட்டது, மீதிப் பேர் கர்த்தரிடம் போய்விட்டார்கள். இருக்கிறவர்கள் படித்துவிட்டு என்மேல் கோபப்பட்டால் படட்டும். நான் எட்டாவது வரைதான் படித்தவள். எழுத்தில் தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். விஷயத்தில் தப்பு இல்லை.

போன மாதம் பெண்கள் கூடுகையில் ஆளுக்கொரு சின்ன வயசுச் சாட்சி சொல்லச் சொன்னார்கள். எப்போதும் சொல்கிறதையே சொன்னேன். ஒன்பது வயசில் நான் ஆண்டவருக்காக ஆதாயம் பண்ணின முதல் ஆத்துமா என் சொந்த அக்கா என்றும், விசுவாசத்தை விட்டுப் பின்மாற்றத்தில் போனவளைச் சபையே தேடிப் போய்க் கூட்டி வந்தது என்றும், வழி காட்டினது நான் என்றும். இருபது முப்பது தடவை சொல்லியிருப்பேன். எந்த இடத்தில் குரலை இறக்க வேண்டும், எங்கே அழ வேண்டும் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. அன்றைக்கும் எல்லாரும் ஸ்தோத்திரம் சொன்னார்கள்.

கூட்டம் முடிந்து டீ குடிக்கும்போது, புதுசாய் வருகிற ஒரு பெண், கம்பெனி வேலைக்காகத் திருநெல்வேலிப் பக்கமிருந்து வந்தவள், கேட்டாள்.

"ஆன்ட்டி, அந்த அக்கா இப்ப எந்தச் சபைக்குப் போறாங்க?"

"கல்லாவிப் பக்கம்" என்றேன். அது ஊர். சபை இல்லை. அவள் கவனித்தாளோ இல்லையோ, நான் டீயைப் பாதியில் வைத்துவிட்டேன்.

அக்கா நாற்பத்துச் சொச்சம் வருஷமாய் எந்தச் சபைக்கும் போவதில்லை. அதை நான் எந்தச் சாட்சியிலும் சொன்னதில்லை.

அது பள்ளிக்கூடம் கோடை லீவு விட்டிருந்த சமயம். நம் குருபரப்பள்ளியில் ரோடு அப்போது ரெண்டு லாரி ஒதுங்கிப் போகிற அகலம்தான். காலை பத்து மணிக்கே கொட்டகைக் கூரை கொதிக்கும். சாக்கில் புண்ணாக்கு வாசனை வரும். பாஸ்டரம்மா பிள்ளைகளுக்கு வகுப்பு எடுப்பார்கள். ஒரு பலகையில் பச்சைத் துணி இழுத்துக் கட்டியிருக்கும், அதில் பஞ்சில் செய்த ஆடுகள் ஒட்டிக்கொண்டு நிற்கும். உங்களில் யாருக்காவது ஞாபகம் இருக்கும். கண்ணுக்கு மிளகு ஒட்டியிருப்பார்கள். மிளகு உதிர்ந்து உதிர்ந்து பாதி ஆடு குருடாகிவிட்டது.

அந்த லீவில் பாஸ்டரம்மா ஒரு பழக்கம் கொண்டு வந்தார்கள். ஒவ்வொரு பிள்ளையும் தன் வீட்டில் வழி தப்பிப் போன ஒருத்தர் பேரைக் கொண்டு வர வேண்டும். எழுந்து நின்று, பேரைச் சொல்லி, என்ன பாவம் என்றும் சொல்லி, சத்தமாய் ஜெபிக்க வேண்டும். பலகை ஓரத்தில் முள்ளுச் செடி வரைந்த இடத்தில் ஒரு ஆட்டை ஒட்டி, கீழே அந்தப் பேரை எழுதுவார்கள். அந்த ஆள் சபைக்கு வந்து அறிக்கை பண்ணினால் ஆடு மந்தைக்குள் போகும். பேர் கொடுத்த அன்றைக்கே பிள்ளைக்கு ஒரு வசன அட்டை. சும்மா அட்டை இல்லை, வெளிநாட்டிலிருந்து யாரோ அனுப்பினது. ஓரமெல்லாம் ஜிகினா. சாய்த்துப் பார்த்தால் படத்தில் தண்ணீர் ஓடும்.

ஜெபத்தில் சொன்னால் அது கோள் இல்லை என்று நமக்கு ஒரு நினைப்பு. பெரியவர்களுக்கும் அந்த நினைப்புத்தான். "ஜெபத்துல வெச்சிக்கங்க சிஸ்டர்" என்று சொல்லிவிட்டு எத்தனை வீட்டுச் சங்கதியை நாம் கொட்டியிருக்கிறோம் என்று நினைத்துப் பாருங்கள்.

என் பக்கத்தில் உட்காருகிறவள் மூன்று வாரத்தில் மூன்று பேரைக் கொடுத்தாள். குடிக்கிற மாமா. பீடி இழுக்கிற பெரியப்பா. சினிமாவுக்குப் போன சித்தி. மூன்று அட்டை வாங்கி, பாவாடை மடிப்பில் வைத்துக்கொண்டு திரிவாள். என்னிடம் ஒன்றும் இல்லை. என் அப்பா சபை மூப்பர். எங்கள் வீட்டில் பூ இல்லை, பொட்டு இல்லை, ரேடியோ இல்லை.

"உங்க வூட்ல எல்லாரும் பரிசுத்தவானுங்க. உனுக்கு அட்டை கெடைக்காது போ" என்றாள்.

"எங்கப்பா மூப்பர்டி."

"அதான் சொல்றன். மூப்பர் வூட்ல எந்த ஆடு காணாமப் போவும்?"

ஒன்பது வயசில் எனக்கு இருந்த ஒரே ஆத்தும பாரம் அதுதான். எங்கள் வீட்டில் கெட்டுப் போனவர்கள் யாரும் இல்லாதது.

அக்காவுக்கு அப்போது பத்தொன்பது. ஓசூரில் பிரஸ் மிஷின் வைத்துத் தகடு அடிக்கிற ஒரு கம்பெனியில் வேலை. எங்கள் தெருவிலிருந்து யூனிஃபார்ம் போட்டுக்கொண்டு வேலைக்குப் போன முதல் பெண் அவள்தான். அதுவரைக்கும் எங்கள் ஆட்கள் அடுத்தவர் தக்காளித் தோட்டத்தில் குனிந்தவர்கள். சாயங்காலம் அவள் வண்டியிலிருந்து இறங்கும்போது மிஷின் ஆயிலும் சிவப்பு சோப்பும் கலந்த வாசனை அவளுக்கு முன்னால் வீட்டுக்குள் வரும். எவ்வளவு தேய்த்தாலும் நகத்துக்குள் கருப்புப் போகாது. என்னை "பாப்பா" என்பாள். கேன்டீனில் கொடுக்கிற பன்னைத் தின்னாமல் எனக்குக் கொண்டு வருவாள்.

கரண்டுப் பிரச்சினையால் அவர்கள் கம்பெனிக்கு வார லீவு வெள்ளிக்கிழமை. வெள்ளி என்றால் நமக்கு உபவாச ஜெபம். முதலில் அக்கா ஒழுங்காய் வந்துகொண்டிருந்தாள். அந்தக் கோடையில் நின்றுவிட்டாள். லீவு நாளிலும் ஓ.டி. என்றாள்.

"வாரா வாரம் என்னாடி ஓ.டி.?" என்றார் அப்பா.

"லோடு ஜாஸ்திப்பா. வரலன்னா சூப்பர்வைசர் திட்டறாரு."

"ஆண்டவர் திட்டுனா பரவால்லியா?"

அக்கா சிரித்து மழுப்பினாள். அம்மா சாப்பாடு கட்டிக் கொடுத்தாள். வெள்ளிக்கிழமைகளில் மட்டும் ரெண்டு டப்பா. அதை நான் பார்த்தேன். ஒருத்திக்கு எதற்கு ரெண்டு என்று அப்போது யோசிக்கவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை எனக்குப் பல் வலி. அன்றைக்கு மட்டும் ஓ.டி. இல்லை என்று சொல்லிவிட்டு அக்காதான் என்னை ஓசூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனாள். முன்பல்லைப் பிடுங்கிப் பஞ்சு வைத்தார்கள். திரும்பி வராமல் வேறொரு பஸ் ஏறினாள்.

"எங்கக்கா போறோம்?"

"ஜூஜுவாடி. வாயைத் தொறக்காத, பஞ்சு உழுந்துடும்."

கர்நாடகா எல்லைக்கு முன்னால் ஒரு சந்து. அதில் வரிசையாய்த் தகரக் கதவு போட்ட ஒற்றை ரூம் வீடுகள். ஒரு கதவுக்கு வெளியே பெரிய ரப்பர் செருப்பு ஒரு ஜோடி கிடந்தது. உள்ளே ஒரு பெண், அக்கா வயசுதான். "பன்னி, பன்னி" என்று கன்னடத்தில் உள்ளே வரச் சொன்னாள். என் வீங்கின கன்னத்தைப் பார்த்து, "ஊட்டா ஆயித்தா?" என்றாள்.

"சாப்டியான்னு கேக்குது" என்றாள் அக்கா. "எனுக்குப் பக்கத்து மிஷினு. போன மாசம் கை மாட்டிக்கிச்சி."

வலது கையில் கட்டு. பெருவிரலும் சுண்டுவிரலும் மட்டும் வெளியே தெரிந்தன. நடுவில் இருக்க வேண்டியது எதுவும் இல்லை. கூடப் பிறந்த அண்ணன் ஒருத்தன், லாரியில் போனால் மாசக் கணக்கில் வர மாட்டானாம். வேறு ஆள் இல்லை. அக்கா அவளுக்குத் தலைக்கு ஊற்றிவிட்டாள். துணி துவைத்துப் போட்டாள். அன்றைக்கும் அம்மா கட்டியிருந்த ரெண்டாவது டப்பாவைத் திறந்து களியைப் பிசைந்து ஊட்டினாள். இடது கையால் சாப்பிட அந்தப் பெண்ணுக்குக் கூச்சமாம், பட்டினி கிடந்தாலும் கிடப்பாளாம். வாரத்தில் ஒரு நாளாவது வயிறாரத் தின்னட்டும் என்றாள் அக்கா.

சாப்பிட்டு முடிந்ததும் அந்தப் பெண் ஒரு முறத்தை இழுத்து வைத்தாள். மல்லிப்பூ. இனிமேல் மிஷினில் உட்கார முடியாது என்று பூக்கட்டப் பழகிக்கொண்டிருந்தாள். நாரின் ஒரு முனையைக் கால் கட்டைவிரலில் சுற்றி, இடது கையால் முடிச்சுப் போட்டாள். அவிழ்ந்தது. மறுபடியும் போட்டாள். கோணல் மாணலாய் ஒரு முழம். அதை எடுத்து அக்காவின் தலையில் வைத்துவிட்டாள். அக்கா தலையைக் குனிந்து கொடுத்தாள்.

சுவரில் சாமி படம், அதற்கு முன்னால் விளக்கு. இந்தப் பக்கம் என் அக்கா தலையில் பூ. அந்தக் கையைப் பார்த்து நான் பயப்படவில்லை, பூவைப் பார்த்துப் பயந்தேன். அப்படித்தான் என்னை வளர்த்திருந்தார்கள். அப்படித்தான் நாம் எல்லாரும் வளர்ந்தோம்.

பஸ் ஸ்டாண்டில் அக்கா பூவை எடுத்தாள். தூக்கிப் போட மனசு வராமல் ஒரு கட்டைச் சுவர்மேல் வைத்தாள்.

"பூ வெச்சா நரகத்துக்குப் போவாங்களாக்கா?"

"அரை நாளாக் கட்டிச்சி அந்த ஒரு மொழத்தை. வேணாம்னு சொல்ல எனுக்கு வாய் வரல பாப்பா."

"அப்பாகிட்ட சொல்லலாமா?"

"வேணாம். அப்பாவுக்கு வெளங்காது. ஒரு நாளைக்கு நானே சொல்றன்."

ரெண்டு வாரம் சொல்லாமல் இருந்தேன். மூன்றாவது ஞாயிறு, பக்கத்தில் இருந்தவள் நாலாவது அட்டையை என் மூக்குக்கு நேரே ஆட்டினாள். நான் எழுந்து நின்றேன்.

அக்கா பேரைச் சொன்னேன். பூ வைக்கிறாள், விளக்கு வைத்த வீட்டுக்குப் போகிறாள், அவளை மன்னியும் ஆண்டவரே என்று கண்ணை மூடிக்கொண்டு ஜெபித்தேன். கண்ணைத் திறந்தபோது பாஸ்டரம்மா அழுதுகொண்டிருந்தார்கள். என்னைக் கட்டிப் பிடித்து, "இந்த வயசுல இவ்ளோ பாரம்" என்றார்கள். ரெண்டு அட்டை கொடுத்தார்கள். மூப்பர் வீட்டு ஆடு என்பதால் ரெண்டு போலிருக்கிறது.

ஆராதனை முடிந்ததும் பாஸ்டர் ஐயா என்னையும் அப்பாவையும் தனியாய்க் கூப்பிட்டார். எந்த இடம் என்று கேட்டார், சொன்னேன். வாசலில் என்ன இருந்தது என்றார். ஆம்பிளைச் செருப்பு என்றேன். அப்பாவும் ஐயாவும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். கையைப் பற்றி அவர்கள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. சொல்ல மறந்துபோனேன் என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். மறக்கவில்லை. கையைச் சொன்னால் கதை கெட்டுப்போகும் என்று ஒன்பது வயசிலேயே எனக்குத் தெரிந்திருந்தது.

அப்பா வீட்டுக்குப் போய்க் கேட்டிருக்கலாம். "என்னாடி இது?" என்று ஒரு வார்த்தை. அக்கா சொல்லியிருப்பாள். ஐயா அதற்கு விடவில்லை. "வூட்ல வெச்சி விசாரிச்சா பொய் சொல்லும் பிரதர். காணாமப் போன ஆட்டை மேய்ப்பன் விசாரிக்கல. தேடிப் போனாரு. நாம தேடிப் போவோம்" என்றார். அப்பா தலையை ஆட்டினார். எல்லாருக்கும் அது பெரிய வெளிப்பாடாய்த் தெரிந்தது. பெற்ற மகளிடம் ஒரு கேள்வி கேட்கிறதை விட, பதினோரு பேர் வண்டி பிடித்து நாற்பது கிலோமீட்டர் போவது வேதத்தின்படி சரியாய்ப் பட்டது.

அடுத்த வெள்ளி உபவாச ஜெபத்தைப் பாதியில் நிறுத்திவிட்டு டெம்போ ஏறினோம். பாஸ்டரம்மா பாட்டுக்குத் தட்டுகிற தாம்பரைக் கையோடு கொண்டு வந்தார்கள். நான் முன்சீட்டில், டிரைவருக்கும் ஐயாவுக்கும் நடுவில். அம்மா வரவில்லை. தலைவலி என்றாள்.

சந்துக்குள் நான் முன்னால் ஓடினேன். இந்த வீடுதான் என்று கையைக் காட்டினேன். வாசலில் அந்த ரப்பர் செருப்பு கிடந்தது. ஐயா அதைக் காலால் நகர்த்தி அப்பாவிடம் காட்டினார். அப்பாவின் முகம் கருத்துப்போனது.

எனக்குக் கல்யாணமாகி, வீட்டுக்காரர் லாரி லோடுக்குப் போய் நான் தனியாய் இருந்த நாளில், பக்கத்து வீட்டம்மா சொன்னார்கள், "ஆம்பளைச் செருப்பு ஒண்ணு வாசல்ல போட்டு வையி. தனியா இருக்கறது நாலு பேருக்குத் தெரியக் கூடாது." அப்போதுதான் எனக்கு அந்தச் செருப்பு விளங்கியது. அதுவரைக்கும் என் சாட்சியில் அந்தச் செருப்பும் இருந்தது. அதற்கப்புறம் அதை மட்டும் விட்டுவிட்டுச் சொன்னேன்.

கதவைத் தள்ளினார்கள். அக்கா தரையில் உட்கார்ந்து களியை உருட்டிக்கொண்டிருந்தாள். தலையில் பூ. எதிரே அந்தப் பெண் வாயைத் திறந்தபடியே இருந்தாள். வேறு யாரும் இல்லை. ஆம்பிளை ஒருத்தனும் இல்லை என்பதைப் பதினோரு பேரும் பார்த்தோம். பார்த்த பிறகாவது நின்றிருக்கலாம். வந்த வேகம் விடவில்லை. ஐயா அக்கா தலையில் கையை வைத்துச் சத்தம் போட்டு ஜெபிக்க ஆரம்பித்தார். பாஸ்டரம்மா பூவைப் பிய்த்து எடுத்தார்கள், கொஞ்சம் முடியும் சேர்ந்து வந்தது. தாம்பரை அடித்துப் பாடினார்கள். சந்து முழுக்க ஆட்கள் கூடிவிட்டார்கள்.

அந்தப் பெண் "யாக்கே? யாக்கே?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். ஏன் என்று அர்த்தம். நம்மில் கன்னடம் தெரிந்தவர்கள் நாலு பேராவது இருந்தோம். யாரும் பதில் சொல்லவில்லை. அவள் கட்டுப் போட்ட கையை நீட்டிக் காட்டினாள். ஒரு பிரதர், பேர் எழுத மாட்டேன், உங்களுக்குத் தெரியும், "விக்கிரகத்துக்கு வெளக்கு ஏத்துன கை, வேற எப்படி இருக்கும்?" என்றார். ஆமென் என்றோம். நானும் சொன்னேன்.

அப்பா அக்காவின் முழங்கையைப் பிடித்துத் தூக்கினார். அப்போது அவள் ஒன்றுதான் கேட்டாள்.

"இன்னும் ரெண்டு வாய்தாம்பா இருக்குது. ஊட்டிட்டு வந்துடறன்."

"எழுந்திரு."

"அதால சாப்பிட முடியாதுப்பா. ரெண்டே வாய்."

"எழுந்திருன்னு சொன்னேன்."

வீட்டுக்காரம்மா தெலுங்கில் கத்திக்கொண்டு வந்தாள். இந்த ரகளையெல்லாம் தன் வீட்டில் ஆகாது, பொழுது சாய்வதற்குள் ரூமைக் காலி பண்ணு என்று அந்தப் பெண்ணிடம்தான் சொன்னாள். எங்களிடம் இல்லை. நாங்கள் டெம்போவில் ஏறிவிட்டோம்.

வழியெல்லாம் பாடிக்கொண்டு வந்தோம். அக்கா பின்னால் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கையில் களி காய்ந்து ஒட்டியிருந்தது. அதைக் கழுவக்கூட யாரும் தண்ணீர் கொடுக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கொட்டகை நிறைந்துவிட்டது. பாகலூரிலிருந்துகூட ஆள் வந்திருந்தது. அக்காவுக்கு வெள்ளைப் புடவை கட்டி முன்வரிசையில் உட்கார வைத்தார்கள். பச்சைத் துணிப் பலகையைப் பெரியவர்கள் கூட்டத்துக்கே கொண்டு வந்து சாய்த்து வைத்தார்கள். முள்ளில் இருக்கிற ஆட்டை எடுத்து மந்தையில் ஒட்ட வேண்டியது நான். அதற்காகப் புதுப் பாவாடை கட்டி நின்றேன்.

ஐயா சொன்னார், "எழுந்திரிச்சி சாட்சி சொல்லும்மா. காணாமப் போயிருந்தேன், கண்டுபுடிச்சாருன்னு சொல்லு."

அக்கா எழுந்தாள். முக்காட்டைச் சரி பண்ணினாள்.

"நான் காணாமப் போவல ஐயா. எங்க இருந்தன்னு எனுக்கும் தெரியும், ஆண்டவருக்கும் தெரியும். உங்களுக்குத்தான் தெரியல."

சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். நான் ஆட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஐயாவைப் பார்த்தேன். அவர் "ஒட்டாதே" என்பது போலத் தலையை ஆட்டினார்.

அப்பா எழுந்து சபைக்கு முன்னால் கைகட்டி நின்றார். "பொண்ணை வளக்கத் தெரியாம வளத்துட்டேன், மன்னிக்கணும்" என்றார். அப்பாவை நான் இப்போது குறை சொல்ல வரவில்லை. வாழ்நாளெல்லாம் தோட்டத்து முதலாளிகள் முன்னால் தரையில் நின்ற மனுஷர். அவருக்கு நாற்காலி போட்ட ஒரே இடம் நம் சபைதான். அந்த நாற்காலிக்காக மகளைக் கொடுத்தார். அப்படியும் மூப்பர் ஸ்தானத்தை ஆறு மாசம் எடுத்துவிட்டார்கள்.

அன்றைக்கு எல்லாரும் ஒரு வாய் திராட்சரசம் குடிக்கிற இராப்போஜனப் பாத்திரம் அக்கா முன்னால் வந்து, நிற்காமல் அடுத்தவளிடம் போனது. அடுத்தவள் நான் இல்லை, அதை வாங்க எனக்கு வயசு ஆகவில்லை. ஆனால் பார்த்தேன்.

அக்காவை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். ஆடி பிறப்பதற்குள் கல்லாவியில் ஒரு விசுவாசிக்கு, பெண்டாட்டி செத்து ரெண்டு பிள்ளை வைத்திருந்தவருக்கு, கட்டிக் கொடுத்துவிட்டார்கள். விசுவாச வீட்டில் குடும்பமாகிவிட்டாள் என்று அதையும் ஜெயமாகவே எழுதிக்கொண்டோம். ஆடு எப்போது மந்தைக்குள் போனது என்று எனக்குத் தெரியாது. ஒரு ஞாயிறு பார்த்தபோது உள்ளே இருந்தது. பாஸ்டரம்மாதான் ஒட்டியிருக்க வேண்டும்.

அம்மா சாகப் படுத்திருந்தபோது என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள், "எனுக்குத் தெரியும்டி. டப்பா நாந்தானே கட்டுனேன்."

"அன்னைக்கே சொல்லியிருக்கலாமேம்மா?"

"உங்கப்பாவ எதுத்து என்னாத்த சொல்றது? தலைவலின்னு படுத்துக்கினேன்."

அதற்கப்புறம் அம்மா ரெண்டு நாள்தான் இருந்தாள்.

இதெல்லாம் எனக்கு முன்னாடியே தெரியும். தெரிந்துகொண்டேதான் சாட்சி சொல்லி வந்தேன். அந்தத் திருநெல்வேலிப் பெண் கேட்ட பிறகு பத்து நாள் தூக்கம் சரியில்லை. போன வாரம் கல்லாவிக்குப் பஸ் ஏறினேன்.

கல்யாணம், சாவு என்று அக்காவைப் பார்க்காமல் இல்லை. பிள்ளைகள் படிப்பு, சர்க்கரை, பிரஷர் எல்லாம் பேசுவோம். அந்த வெள்ளிக்கிழமையை மட்டும் பேசினதில்லை. அத்தான் போய்ச் சேர்ந்து ஏழெட்டு வருஷம் ஆகிறது. அவள் வளர்த்த பெரியவன் வீட்டில் இருக்கிறாள். நான் போனபோது வாசலில் மொச்சை உரித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் வேதப் புத்தகம், அட்டை பிய்ந்து நூலால் தைத்திருந்தது.

"என்னா, சொல்லாம கொள்ளாம வந்து நிக்கற? எவனுக்காவது கல்யாணமா?"

"இல்லக்கா. உன்னைப் பாக்கத்தான்."

"அப்ப எனுக்கு என்னமோ சீக்குன்னு யாரோ சொல்லியிருக்கறாங்க."

உட்கார்ந்து நானும் ஒரு பிடி மொச்சையை எடுத்தேன். கொஞ்ச நேரம் உரித்தேன். அப்புறம் சொல்லிவிட்டேன். ஜூஜுவாடிக்கு வழி காட்டினதற்கு மன்னித்துவிடு என்றேன். அட்டைக்காகத்தான் சொன்னேன் என்றும் சொன்னேன்.

அவள் உரிக்கிறதை நிறுத்தவில்லை. "உனுக்கு ஒம்போது வயசு. பல்லு போன வாயை வெச்சிக்கினு டெம்போல பாடிக்கினு வந்த. உன்னை அங்கியே மன்னிச்சிட்டன்" என்றாள்.

நான் அழுதேன். வாய் தானாய் ஸ்தோத்திரம் சொன்னது. அவள் பொறுத்திருந்தாள்.

"முடிஞ்சிதா? ஒண்ணு கேக்கறன். அது அன்னைக்கு எங்க போயி படுத்துச்சி?"

"எது?"

"பாத்தியா, எதுன்னு கேக்கற."

கையிலிருந்த மொச்சையைக் கீழே வைத்தேன்.

"பதினோரு பேரு வண்டி வெச்சிக்கினு தேடி வந்தீங்க. அந்த ரூம்ல நாங்க ரெண்டு பேரு இருந்தோம்."

மொச்சைத் தோலைக் கூட்டி முறத்தில் தள்ளினாள். கல்யாணத்துக்கு அப்புறம் அத்தானே அவளை ரெண்டு தடவை ஜூஜுவாடிக்குக் கூட்டிப் போனாராம். ரூமில் வேறு ஆட்கள். அண்ணன்காரன் வந்து கூட்டிப் போனான் என்று ஒருத்தர் சொன்னாராம். இல்லை, அந்தச் சாயங்காலமே துணி மூட்டையை இடது தோளில் போட்டுக்கொண்டு தனியாய்த்தான் போனது என்று இன்னொருத்தர். அதோடு முடிந்தது.

"நீ ஊர் ஊராப் போயி சாட்சி சொல்றியாமே, பெரியவன் சொன்னான். அதுல அது வருதா?"

"இல்லக்கா" என்றேன். விக்கிரக வீடு என்று ஒரு வார்த்தை வரும். அவ்வளவுதான்.

"அதுக்கு ஒரு பேரு இருந்திச்சி. எனுக்குத்தான் தெரியும். உங்க யாருக்கும் தெரியாது. கேக்கலியே."

நான் கேட்க வாயெடுத்தேன். அவள் சொல்லவில்லை. எழுந்து உள்ளே போனாள். "வந்தது வந்துட்ட, சாப்பிட்டுப் போ" என்று குரல் மட்டும் வந்தது.

சோறு போட்டு, மொச்சைக் குழம்பு ஊற்றினாள். எதிரில் உட்கார்ந்தாள். நான் பழக்கத்தில் கண்ணை மூடிக் கையை உயர்த்தி, "பரலோகத்தில் இருக்கிற..." என்று ஆரம்பித்தேன்.

"சத்தமா வேணாம்" என்றாள் அக்கா. "இந்த வூட்ல மனசுக்குள்ளதான்."

சரி என்று வாயை மூடினேன். ஐம்பது வருஷமாய் ஜெபிக்கிறேன், வீட்டில், சபையில், ஆஸ்பத்திரியில், பிறர் தலைமேல் கையை வைத்து. யார் காதிலும் விழாத ஜெபம் ஒன்றை அன்றைக்குத்தான் பண்ணப் பார்த்தேன். ஒரு வார்த்தையும் வரவில்லை. குழம்பு ஆறிப்போகிற வரைக்கும் கண்ணைத் திறக்கப் பயந்து அப்படியே உட்கார்ந்திருந்தேன்.